ஒன்பதாம் எண் வண்டியின் முதுகு

அமைச்சகம் அனுப்பிய கோப்பில்
அரிய நோய்கள் ஆறாயிரம்.
ரூசே நகரக் கிளைக்கு ஒதுக்கிய பணத்தில்
ஒரேயொரு டிராலி பேருந்தின் முதுகு,
மூன்று மாத வாடகைக்கு.

ஆறாயிரத்தில் ஒன்றை எடு என்றார்கள்.
பொறுக்கி எடுக்க நான் யார்?
சம்பளப் பட்டியல் தட்டச்சு செய்பவள்.
இரண்டு நாள் ரொட்டியைக் கூடப் பிரிக்காமல் படித்தேன்.
நாக்கில் நிற்காத பெயர்கள்.
பாதிக்கு மேல்
கண்டுபிடித்த மருத்துவரின் பெயர்.
படுத்துக் கிடந்தவரின் பெயர்
தேடித்தான் பார்க்க வேண்டும்.

செம்பில் வந்து நின்றேன்.
உண்ட சோற்றின் செம்பை
வெளியே தள்ளத் தெரியாத உடம்பு.
ஈரலில் சேரும், மூளையில் சேரும்,
கையெழுத்தைக் கோணலாக்கும்,
கருவிழியின் விளிம்பில்
பழுப்பாய் ஒரு வளையம் போட்டு உட்காரும்.
மருந்து இருக்கிறது, ஆயுள் முழுக்க.
காலத்தில் தெரிந்தால்.

பதினான்கு வரி எழுதினேன்.
இயக்குநர் பெஞ்சேவ் சிவப்புப் பேனாவோடு வந்தார்.
"பின்னால் வரும் காரோட்டி
பச்சை விழுவதற்குள் படித்து முடிக்கணும்.
மக்களைப் பயமுறுத்தவும் கூடாது."
ஈரல் போயிற்று. மூளை போயிற்று.
செம்பும் போயிற்று.
மிஞ்சியது:
கை நடுங்குகிறதா?
கண்ணோரம் பழுப்பு வளையமா?
கேளுங்கள்.
அடியில் என் மேஜைத் தொலைபேசியின் எண்.

மூன்று மாதத்தில் நாற்பத்தொரு அழைப்பு.
வண்டி எத்தனை மணிக்கு என்று இருபத்தாறு.
கை காட்டியும் நிற்காமல் போனான் என்று ஒன்பது.
தன் புருஷன் கை ஏன் நடுங்குகிறதென்று
தெருவுக்கே தெரியும்,
அதைப் பேருந்தில் வேறு எழுதணுமா என்று ஒருத்தி.
நான்கு பேர்
மூச்சை மட்டும் கேட்கவிட்டு வைத்துவிட்டார்கள்.

மிச்சம் ஒன்று, ரொஸித்ஸா.
தையல் ஆலையில் பித்தான் பிரிவு.
பிப்ரவரிக் கடைசி,
பனியும் மழையும் கலந்தடித்த மாலை.
மகனை இழுத்துக்கொண்டு ஓடினாள்,
கதவு மூடிற்று.
ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்தபோது
பத்தடி தள்ளி, சிவப்பு விளக்கில்,
என் மூன்று வரி நின்றுகொண்டிருந்தது.

ஏறியவர்கள் எவரும் அதைப் பார்த்ததில்லை.
தவறவிட்டவர்களுக்கு மட்டும்
வண்டி காட்டும் முதுகு அது.

அசெனுக்குப் பதினான்கு வயது.
கோழி கிளறின மாதிரி எழுதுகிறான் என்று
நோட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார் ஆசிரியர்.
தேநீர்க் கோப்பை தட்டில் கிலுகிலுப்பதை
விளையாட்டு என்று அடித்திருக்கிறாள் இரண்டு முறை.
தெருவிளக்கின் கீழ் மோவாயைப் பிடித்து
முகத்தைத் தூக்கினாள்.
சாம்பல் கண்கள்.
விளிம்பில் வளையம்.

"நான் அதை அழகு என்று நினைத்திருந்தேன்"
என்றாள் தொலைபேசியில்.
"எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லாத நிறம்."
பிறகு நீளமாக ஒன்றும் சொல்லவில்லை.
சோஃபியா மருத்துவமனையின் எண்ணைச் சொன்னேன்.
இரண்டு தரம் தப்பாகச் சொல்லி
மூன்றாம் தரம் சரியாக.

ஆண்டறிக்கையில்
பயனடைந்தோர் என்று ஒரு கட்டம்.
1 என்று தட்டினேன்.
பெஞ்சேவ் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:
"பூஜ்யங்கள் எங்கே?"
விட்டுப்போகவில்லை, ஐயா, அவ்வளவுதான் என்றேன்.
அவர் தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த முதுகில் தயிர் விளம்பரம்,
இரண்டு வாங்கினால் ஒன்று சும்மா.
மேலே செம்புக் கம்பியில்
கொம்பு உரசிப் பொறி தெறிக்க
வண்டி அதே மூலையில் திரும்புகிறது.

ஜூன் மாதம் தொலைபேசி அடித்தது.
ரொஸித்ஸா.
மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறதாம்,
அக்ரூட் கூடாது, சாக்லேட் கூடாது,
பையன் சண்டை போடுகிறானாம்,
பேனா இன்னும் முழுசாய்ப் பிடிபடவில்லையாம்.
நாளை ரத்தப் பரிசோதனை.
"ஒன்பதாம் எண் எத்தனை மணிக்கு?"

ஆறு நாற்பத்திரண்டு.
தப்பினால் ஏழு ஐந்து.