மேல்குளத்துக் கணக்கு

காற்று நின்று ஒன்பது நாள்.
எரிமலை வாய்க்குள் கட்டிய மேல்குளத்தில்
தண்ணீர் முழங்கால் அளவு.
கறுப்பு ரப்பர் விரிப்பின் சுருக்கங்கள்
வெளியே தெரிகின்றன,
நெடுநேரம் குளித்தவனின் விரல்நுனி போல.

கானரித் தீவுகளின் மேற்கோரம்,
தைக்க மறந்த பொத்தானாய்க் கிடக்கும் தீவு இது.
நான் குவாசிமாரா.
மின்நிலையத்தில் இரவுப் பணி.
திரையில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்திருக்கச் சம்பளம்:
ஐம்பது.
ஏறினால் தீவு துள்ளும்.
இறங்கினால் தள்ளாடும்.
நடுவில் நின்றால்
நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது.

காற்று வீசும் நாளில்
ஐந்து காற்றாலைகளும்
ஊர் உண்டு மிஞ்சியதை எக்கிகளுக்கு ஊட்டும்.
எக்கிகள் தண்ணீரை மலைமேல் ஏற்றும்.
காற்று ஓய்ந்தால் அதே தண்ணீர்
குழாய் வழியே தலைகுப்புற இறங்கி
எங்கள் விளக்குகளில் எரியும்.
நூறு ஏற்றினால் எழுபது சொச்சம் திரும்பும்.
மிச்சம் மலைக்குத் தரகு.
இருக்கட்டும்,
தரகில்லாத சந்தை எங்கே இருக்கிறது?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.
தூற்றலாம்.
தூற்றியதைக் கொட்டிவைக்கக் குதிர்?
அதைப் பற்றிப் பழமொழி வாய் திறப்பதில்லை.

டீசலை முழுதாய் நிறுத்திய முதல் இரவு
நினைவிருக்கிறது.
துறைமுகத்திலிருந்து ரொமுவால்தா அழைத்தாள்.
நாற்பது வருடமாய் அவள் படுக்கைச் சுவருக்குப் பின்னால்
உறுமிய எஞ்சின்.
“ஏதோ செத்துப்போன மாதிரி இருக்கிறது, தூக்கமே வரவில்லை,
என்ன அது?” என்றாள்.
“ஒன்றுமில்லை” என்றேன்.
உண்மையும் அதுதான்.
அன்றைக்குத்தான் அவள் காதில்
ஒன்றுமில்லை என்பது விழுந்தது.

அதெல்லாம் காற்றுக் காலத்துப் பெருமை.
இந்த ஒன்பது நாளில்
பேக்கரி செனோபியோ அடுப்பைப் பகலுக்குத் தள்ளினான்,
கூரைத் தகடுகள் வெயில் குடிக்கும் நேரத்துக்கு.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும்
உச்சிவேளையில் மட்டும் ஓடியது.
விடிகாலை ரொட்டி இல்லையென்று ஊர் முணுமுணுத்தது,
நேற்றைய ரொட்டியை மென்றபடி.
பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிலர்
மலையேறிக் குளத்தைப் பார்த்துவிட்டு வந்து
வகுப்பறை விசிறியைத் தாங்களே அணைத்தார்களாம்.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
காலியான பாத்திரம் தானே பேசும்.

இரவு இரண்டு நாற்பது.
நாற்பத்தொன்பது புள்ளி ஏழு.
நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.
நௌசெத்தை அழைத்தேன்.

அவன் டீசல் மெக்கானிக்.
செவ்வாய்தோறும் அந்த எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு,
வால்வு துடைத்து,
ஓடவே கூடாது என்று வேண்டிக்கொண்டு பூட்டிப் போவான்.
தன் வேலை வேண்டாமல் போவதற்காக
இத்தனை ஒழுங்காய் வேலை செய்யும் ஒருவனை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

எஞ்சின் இருமியது.
மறுபடி இருமியது.
பிறகு பழைய குரலில் உறுமியது.
திரையில் எண் மெல்ல நிமிர்ந்தது.
சன்னலுக்கு வெளியே, நிலா வெளிச்சத்தில்,
புகை நேர்கோடாய் மேலே போனது.
கலைக்கக்கூடக் காற்றில்லை.

தொலைபேசி.
ரொமுவால்தா.
“என்ன இரைச்சல் இது நடுச்சாமத்தில்?
மனுஷி தூங்க வேண்டாமா?”

நானும் நௌசெத்தும்
ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தோம்.
“மன்னிக்கணும் அம்மா” என்றேன்,
மனசார.

பணிக்குறிப்பேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘காற்றில்லை’ என்று எழுதினேன்.
அடித்தேன்.
வருகிறேன் என்று காற்று
யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.
‘குளம் சிறிது’ என்று எழுதினேன்.

நௌசெத் அதைப் படித்துவிட்டு,
பேனாவை வாங்கி,
‘சிறிது’க்கு முன்னால் ‘இன்னும்’ என்று சேர்த்தான்.
தாளில் அவன் கட்டைவிரல் எண்ணெய்க் கறை.

காற்றுமானி அசையவில்லை.
மணி மூன்றே கால்.