பத்தாம் நாள்

முயல் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து
இரண்டு வருடமாகிறது.
தீவனக் கணக்கு நோட்டில் இப்போது
சியூ லிங் மதியச் சாப்பாட்டுக் கடன் எழுதுகிறாள்.

கெலுகோர் மலைச்சரிவு, நான்காம் மாடி,
ஏர்கோன் இரைச்சல்.
தட்டில் இருபத்து நான்கு குழிகள்,
குழிக்கொரு துளி உயிரணுக்கள்.
பத்தாம் நாள் சில தாமாகவே துடிக்கும்.
மார்பில்லை, இரத்தமில்லை,
யாருடைய பிள்ளையுமில்லை,
ஆனாலும் துடிக்கும்.
எண்ணுவதுதான் என் வேலை.

எதுவும் சேர்க்காத தட்டில் இருபத்தொன்று.
பதினேழாம் எண் திரவத்தில்
அரை அளவுக்கு ஆறு.
முழு அளவுக்கு...
லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
ஒன்றுமில்லை.

முன்பென்றால் இதைத் தெரிந்துகொள்ள
சினை முயல்களின் வயிற்றை அறுத்திருப்போம்.
நான் அறுத்திருக்கிறேன்.
அப்போதும் எண்ணினேன்.

புட்டிக்குப் பெயரில்லை, எண்தான்.
மூடியைத் திறந்தால்
அழுகப்போகும் நாரத்தை வாடை.
பாயான் லெப்பாஸில் சர்க்யூட் பலகை துடைத்துவிட்டு வந்து
ஓரகத்தி தவமலர் கழற்றிப் போடும்
நீல மேலங்கியின் வாடை.

அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது.
அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை,
என்னிடம் மட்டும்.

அறிக்கை போக மூன்று வாரமாகும்.
கையுறையைக் கழற்றிவிட்டுப்
போனை எடுத்தேன்.
"இன்னிக்கு எந்த ஷிப்டு லா உனக்கு?"