பதினான்காம் கேள்வி

ஸர்காவின் பழைய கார்ச் சந்தையில்
ஒரு டொயோட்டாவின் முகப்பு விளக்கைக்
கழற்றிக்கொண்டிருந்தார் ஃபவ்வாஸ்.
திருகாணியைப் பல்லில் கடித்தபடியே பதில்.

இறந்தபின் விழிகளைத் தருவீர்களா?
முழுக்கச் சம்மதம் என்பதிலிருந்து
துளியும் இல்லை வரை
ஐந்து கட்டங்கள்.

"மார்க்கம் தடுக்கவில்லை, தெரியும்.
இமாமே சொல்லிவிட்டார்.
ஆனால் கழுவிக் கபனிடும்போது
என் தம்பி முகத்தைப் பார்ப்பானே."
ஐந்தாவதைத் தொட்டது என் பென்சில்.

அடுத்தது:
உங்களுக்குத் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்வீர்களா?
"கேட்கவா வேண்டும்?"
சொன்னவர் கையிலிருந்த விளக்கைப் பார்த்தார்.
கூரைவரை நசுங்கிய வண்டி.
யார் ஓட்டினார்களோ.
கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

தேநீர் ஆறியது.

"முந்தையதை அழிக்கலாமா?"
அழிக்கலாம், என்றேன்.
"வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போடு."
எவ்வளவு?
கிரீஸ் படிந்த கட்டைவிரலும் சுட்டுவிரலும்
ஓர் அரிசியளவு விலகின.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே
கோட்டின் மேலேயே குறியிட்டேன்.
செல்லாது என்று
இரவு அதைத் துப்பியது இயந்திரம்.

மறுபடி செருகினேன்.
மறுபடியும் துப்பியது.
இருநூற்றுப் பதினொரு தாள்களில்
அது ஒன்றுதான் கிரீஸ் வாடை அடித்தது.