பதினான்காம் எண் அறையின் மரம்

ஹோல்புரூக்கில், ரயில் பாதையை ஒட்டிய எங்கள் விடுதியில்
பதினான்காம் எண் அறையைக் கூட்டிய லூர்தெஸ்
மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விறகுத் துண்டை
எடுத்து வந்து நீட்டினாள்.
வாங்கியதும் கை தாழ்ந்தது.
விறகில்லை. கல்.

பட்டை இருந்தது, கணு இருந்தது,
முறிந்த முகத்தில் வளையங்கள்கூட.
உள்ளே ஈரலின் சிவப்பு, ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்று.
சுரண்டிப் பார்த்தேன்; நகம்தான் தேய்ந்தது.

தங்கியவர் ஒஹையோக்காரர்.
தொலைபேசியில் முதலில் மறுத்தார்.
பிறகு, பேரனுக்காக என்றார்.
பிறகு மூச்சு மட்டும் கேட்டது.
"நீங்களே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்களேன்."

வியாழன் எனக்கு விடுப்பு.
தென்கிழக்கே இருபது மைல்.
பக்கத்து இருக்கையில் அதை வைத்ததும்
சீட் பெல்ட் போடு போடு என்று கார் கத்தியது.
அவ்வளவு எடை.
போட்டுவிட்டேன்.

புல் தீர்ந்த இடத்தில் மண் நிறம் மாறியது.
சாம்பல், அதன்மேல் ஊதா,
அதன்மேல் அலசி அலசி வெளுத்த சிவப்பு.
மழையைக் காணோம்; அது இறங்கிப்போன தடம் மட்டும்
மேடுகளின்மேல் விரல் விரலாய்.
ஒதுங்க ஒரு நிழல் இல்லாத அந்தக் காட்டில்
எங்கு பார்த்தாலும் மரம்,
அளந்து அறுத்தாற்போல் துண்டு துண்டாய்.
யாரும் அறுக்கவில்லையாம்.
கல்லான பிறகு, பாரம் தாங்காமல்
தானே விண்டதாம்.

ரேஞ்சர் பெகே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.
எங்கே எடுத்தது?
தெரியாது.
எந்தச் சரிவு? எந்த ஓடை?
தெரியாது.
அப்படியானால் திருப்பி வைக்க முடியாது என்றார்.
இடம் தெரியாத கல்லை எங்கே வைத்தாலும்
அந்த இடத்தைப் பற்றி அது பொய் சொல்லும்.

அதற்கென்று ஒரு குவியல் இருந்தது,
பார்வையாளர் போகாத மண்பாதையோரம்.
தபாலில் வந்தவை, மன்னிப்புக் கடிதத்தோடு வந்தவை,
ஒன்று இன்னமும் ஒரு குழந்தையின் காலுறைக்குள்.
நான் கொண்டுபோனதை ஓரமாக வைத்தேன்.
சரிந்தது. மறுபடி வைத்தேன்.

படிவத்தில் பெயர் எழுதச் சொன்னார்.
ஒருமுறை தப்பாக வாசித்தார், ஒருமுறை சரியாக.
ஊர் என்ற கட்டத்தில் ஹோல்புரூக் என்று எழுதினேன்.
அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது கார் கத்தவில்லை.
பாதி வழியில்தான் பார்த்தேன்,
காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்
அப்படியே மாட்டியிருந்தது.