பன்னிரண்டரைப் பவுன்

கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பிரிவில்
பதினாறு வருடமாக
உரைகல்லில் தேய்த்து மாற்றுச் சொல்கிறவள் நான்.
கிராம் எனக்குப் புதிதில்லை.
ஆனாலும் முதுநகர்க் கடையில்
தங்கூசிச் சுருள்களுக்குப் பின்னாலிருந்து கமருதீன்
"எத்தனை கிராம் வீசுவீங்க?" என்றதும்
வாயடைத்துப் போனேன்.
எடை போடத் தெரியும், சீட்டு எழுத, பூட்டி வைக்க.
எதையும் வீசியதில்லை.

அதற்கு முன்பே ஒன்று கேட்டிருந்தார்:
"பையனுக்கா, சாருக்கா?"
எனக்கு என்றேன்.
ஒரு கணம் மின்விசிறியைப் பார்த்தார்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
மாசியில் ஒரு சாயங்காலம் யாரோ வீசிய தங்கூசி
என் தலைக்கு மேலே விர்ரென்று போனது.
திட்டத்தான் திரும்பினேன்.

ஏழடி ராடு, இளநீலம், கைக்கு அடக்கம்.
"இது உப்பனாத்துப் பாலத்துக்கு சரி.
தேவனாம்பட்டினத்து மணல்ல நின்னு வீசினா
மொத அலையே தூக்கியாந்து
உங்க கால்லயே போட்டுரும்."

மடக்கு ராடு
குடை மாதிரி கைப்பையில் அடங்கியது.
இழுத்து நீட்டிக் குலுக்கினேன்.
அறுந்து பற்றவைத்த சங்கிலியைக்
காதருகே ஆட்டினால் வருமே,
இணைப்புக்கு இணைப்பு அந்தச் சத்தம்.
வேண்டாம்.

பதினாலடி, சுத்தக் கார்பன்.
தூக்கினேனா இல்லையா என்றே தெரியவில்லை.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து
மறுபடி திருப்பி வைத்தேன்.
கமருதீன் அந்நேரம் பார்த்து
தூண்டில்முள் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார்.

கடைசியில் பன்னிரண்டடி, இரண்டு துண்டு,
கண்ணாடியிழையும் கார்பனும் கலந்தது.
கலப்பு என்றாலே கழித்துச் சொல்கிற வாய்
இதற்கு மட்டும் சும்மா இருந்தது.
வளையம் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் விட்டு
உள்விளிம்பைத் தடவிக்கொண்டே போனேன்.
ஆறாவது சொரசொரத்தது.
"இப்படி யாரும் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே
உள்ளேயிருந்து வேறு எடுத்து வந்தார்.

ஈயம் நூறு கிராம்.
உள்ளங்கை வாங்கியதும் மனசு கணக்குப் போட்டுவிட்டது:
பன்னிரண்டரைப் பவுன்.
தடைக்காலம் தொடங்கினால்
சிங்காரத்தோப்பிலிருந்து மூன்று கழுத்துகள் சேர்ந்து
என் தராசுக்கு அனுப்புகிற எடை.
விலை நாற்பது ரூபாய்.

டவுன் பஸ்ஸில்
பழைய புடவையில் சுற்றி நிறுத்தியிருந்ததைப் பார்த்து
"கர்ட்டன் ராடாக்கா?" என்றார் நடத்துனர்.
ஆமாம் என்றேன்.

ஞாயிறு. விடியவில்லை.
கழி தோளுக்குப் பின்னால் சாய்ந்து
இடுப்பு திரும்பி
முழுசாக வீசினேன்.
ரீலின் கம்பியைத் திறக்க மறந்திருந்தேன்.
டப்பென்று அறுந்து
ஈயம் மட்டும் தனியாகப் போனது,
மூன்றாம் அலையையும் தாண்டி,
யாரும் மீட்க வராத இடத்துக்கு.
நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர்
தூரத்தை மட்டும் பார்த்துக் கை தட்டினார்.

இன்னொரு நூறு கிராம் கட்டினேன். இறாலைக் கோத்தேன்.
இந்த முறை கிட்டத்தில்தான் விழுந்தது,
இரண்டாம் அலைக்குக் கொஞ்சம் அப்பால்.
பிளாஸ்டிக் குழாயை மணலில் குத்தி
கழியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.
காத்திருப்பது இதுவரை
கவுண்டருக்கு அந்தப் பக்கத்து வேலை.
கால் மரத்தது. உதடு கரித்தது.
பேரேட்டில் நேற்று விட்டுப்போன ஒரு கையெழுத்து
ஞாபகம் வந்து போனது.

நுனி ஆடியது.
காற்றா?
மறுபடி, இரண்டு முறை, அழுத்தி.
கழியைக் கையில் எடுத்து
தங்கூசி வழியே வந்ததைக்
கண்ணை மூடி மதிப்பிட்டேன்.
நூற்றெண்பதிலிருந்து இருநூறுக்குள்.
கெளுத்தியாக இருக்கலாம்.
முள் கழித்துத்தான் சொல்ல முடியும்.