மல்லாவிச் சந்தி, இரவு ஒன்பதரை

கடை பூட்டிவிட்டு ரவுட்டரின் பட்டியலைப் பார்க்கிறேன்.
பதினொரு பேர் தொங்குகிறார்கள்.
எனக்குத் தெரிந்தது மூன்று.

ரியூசன் முடிந்த பெடியள் இரண்டு பேர்,
மதிலோரம், சைக்கிளால் இறங்காமலே.
அவங்களுக்கு இது விளையாட்டு. போகட்டும்.
போன மாதம் நிற்பாட்டின நிரோஜன்
பழைய கடவுச்சொல்லோடு இன்னும் உள்ளேதான்.

இது யார்,
என் கடைப் பெயரிலேயே இன்னொரு வைஃபை,
ஓர் எழுத்தும் பிசகாமல்?
வங்கிக்குக் காசு போடுகிற விரல்
அதைத்தான் தொடும்.

ஒன்றும் கேட்காமல்
கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவனை
எந்தப் பட்டியலும் காட்டாது.
அவனை எங்களுக்கு முந்தியே பழக்கம்.

எந்தப் பதிவிலும் நான் கொடுக்காத ஊர்கள் உண்டு.
அவற்றின் முதலெழுத்துகளைக் குலைத்துக் கோர்த்து
புதுச் சொல் வைத்தேன்.
நிறுத்திப் போட்டேன்.

பச்சை லைட் ஒவ்வொன்றாய் வருகிறது.
தொங்குவது ஒன்று.
நான்தான்
என்று நினைக்கிறேன்.