உள்நீர், வெளிநீர்

விசாரணைக் குழுவுக்கு ஒரே வரியில் பதில் எழுதினேன்:
ஒரு சமக்குறி குறைந்துவிட்டது.
தட்டச்சுப் பிழை என்று பதிந்துகொண்டார்கள்.
பிழைதான்.
தட்டச்சில் அல்ல.

ஹார்லிங்கனுக்கு வடக்கே எங்கள் நீர்ப்பூட்டு.
ஒரு பக்கம் வாடன் கடல், மறுபக்கம் கால்வாய்,
நடுவே படகுகள் காத்திருக்கும் தொட்டி.
இருபுறமும் நீர் ஒரே மட்டம் என்றால்
கதவைத் தூக்கலாம். நிரலுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

முப்பது வருடம் அது பாஸ்கலில் இருந்தது,
டவ்வே ஸ்ட்ரைக்வெர்டா எழுதியது.
அங்கே ஒற்றைச் சமக்குறி ஒரு கேள்வி:
உள்நீரும் வெளிநீரும் ஒன்றா?
கொடுப்பதற்கு வேறு குறி, முன்னால் இரண்டு புள்ளி,
தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிறவர் மாதிரி.
சமமல்ல என்பதற்கு எதிரெதிராய் விரியும் இரண்டு கூர்முனைகள்.
மேலிருந்து பார்த்தால் பழைய மரக்கதவுகள் அப்படித்தான் நின்றனவாம்,
ஒன்று கடலைப் பார்த்து, ஒன்று நிலத்தை.

மார்ச்சில் நான் அதை சி மொழிக்கு மாற்றினேன்.
சி-யில் ஒற்றைச் சமக்குறி கேட்காது, கொடுக்கும்.
கேட்க வேண்டுமென்றால் இரண்டு முறை தட்டவேண்டும்.
அறுநூற்றுப் பதினோரு ஒப்பீடுகள்.
அறுநூற்றுப் பத்தில் தட்டினேன்.
(எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தேன்.
இதை அறிக்கையில் எழுதவில்லை.)

மிச்சமிருந்த ஒன்று
சமமா என்று கேட்கவில்லை, சமமாகு என்றது.
நினைவகத்தில் உள்நீர் ஆகிவிட்டது.
பலகையில் இரண்டு எண்களும் இரட்டைப் பிள்ளைகளாய் ஒளிர்ந்தன.
தொட்டித் தண்ணீரிடம் யாரும் சொல்லாததால்
அது நாற்பது சென்டிமீட்டர் கீழேயே கிடந்தது.

பதினோரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
பொத்தானை அழுத்துமுன் யில்டவ் ஜன்னலில் எட்டிப்பார்ப்பாள்,
ஒப்பீட்டை அவள் கண் செய்தது.
மே மாதம் ஒருநாள் கடல் சரியாகப் பூஜ்யத்தில் நிற்க,
கதவு அசையவில்லை. சி-யில் பூஜ்யம் பொய்.
(லுவாவில் விளையாட்டு எழுதும் என் தம்பிக்கு
பூஜ்யமும் மெய். அவன் ஊரில் கதவு திறந்திருக்கும்.)
மறுபடி அழுத்துவதற்குள் அலை ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்தது.
திறந்தது. குறிப்பேட்டில் "துரு?" என்று எழுதிவைத்தாள்.

ஜூனில் மூடுபனி. ஜன்னலில் வெள்ளை மட்டும்.
சரளைக்கல் ஏற்றிய படகில் அவ்கே பில்ஸ்மா.
கதவு உயர்ந்தது, கடல் உள்ளே விழுந்தது,
கயிறு அறுந்து சாட்டையாய்ப் பறந்து
அவர் தொப்பியைக் கொண்டுபோனது.
தொப்பியை மட்டும்.

இரண்டாவது கோட்டைச் சேர்த்தேன்.
இப்போது கதவு திறக்கவே இல்லை.
டவ்வே முழுச் சென்டிமீட்டரில் அளந்தவர்,
நான் பின்னத்தில். பின்னங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை.
மேரிட் பைத்தானில் திருத்தம் அனுப்பினாள்:
மைனஸ் மூன்றுக்கும் மூன்றுக்கும் இடையில், ஒரே மூச்சில்.
சி அந்த மூச்சைப் பாதியில் நிறுத்தும்,
முதல் பாதிக்குக் கிடைத்த ஆம் என்பதை ஒன்று என எண்ணும்,
ஒன்று மூன்றைவிடச் சிறிதா என்று கேட்கும்.
என்றைக்கும் சிறிதுதான்.
வெட்டி, "மேலும்" போட்டு, இரண்டாகத் தைத்தேன்.

பனியன்று வெளிமானி நான்கு நிமிடம் பேசவில்லை.
தரவுத்தளத்தில் அந்த இடம் காலி.
நாற்பதுக்குச் சமமா? தெரியாது.
சமமல்லவா? தெரியாது.
காலிக்குக் காலியாவது சமமா?
அதுவும் தெரியாது என்கிறது, முகம் மாறாமல்.
அல்ல வேறு, இல்லை வேறு.
குழு அந்த நான்கு நிமிடத்தைப் பூஜ்யம் என்று அச்சிட்டது.

அவ்கே புதுத் தொப்பியில் வந்தார்.
அளவு சமம், நீலமும் சமம், அதே கடை.
இருந்தும் நீர் வடிந்த மதியங்களில்
பூட்ஸ் மாட்டிச் சேற்றில் இறங்குகிறார்.
கதவறையிலிருந்து பார்க்கிறேன்.
அவருக்கு வேண்டியது சமமானது அல்ல.